இரண்டாவது டிஸ்க்

ஃப்ரீசர் பெட்டியின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியாக ஹாலுக்குள் எட்டிப் பார்த்து, "எந்த பிளக்கைப் புடுங்கறது?" என்று தசரதன் கேட்டபோதுதான் கவிப்பிரியா அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தாள்.

"எதையும் புடுங்காதீங்க மாமா."

பந்தலுக்குக் கீழே அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள், அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காலை ஆறேகாலுக்குப் போன் வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. புருஷன் செத்து அழாதவளைப் பற்றி என்னவெல்லாம் பேசலாம் என்று அவர்கள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பேசிய முதல் பேச்சு பிளக்கைப் பற்றியதாக இருந்தது.

தசரதன் செத்துப்போன சுபாஷின் பெரியப்பா. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிற ஆள். சாவு வீட்டில் அவர் சொன்னதை மறுத்துப் பேசி யாருக்கும் பழக்கமில்லை.

"இல்லம்மா, டிவி பக்கத்துல கறுப்பா ஒரு டப்பா மினுக்கினு கீது பாரு. சாவு வூட்ல அது இன்னாத்துக்கு ஓடணும்? பெரிய பிளக்கு அந்த எடத்துலதான் கீது."

"அது இன்வெர்ட்டர் பிளக்கு. அதுலதான் டப்பா ஓடுது. சாயங்காலம் ஆறரை வரைக்கும் நிக்கக் கூடாது. பின்னால மோட்டார் போடற பாயிண்ட் இருக்கு, அதுல இழுத்துப் போடுங்க."

"சரி சரி" என்று தசரதன் முணுமுணுத்துக்கொண்டே ஒயரைச் சுருட்டிப் பின்பக்கம் போனார். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டது அவர் நடையிலேயே தெரிந்தது. ஃப்ரீசர் பெட்டி ஒரு உறுமல் உறுமிக் காலியாகக் குளிர ஆரம்பித்தது. உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது.

பெட்டியை வாசலில்தான் வைத்தார்கள். அறுத்த உடம்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதாம். தரைக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் கிடைக்காமல், ஒவ்வொரு சதுரமாக அவனே குந்தி உட்கார்ந்து ஒட்டிய வீடு. அதற்குள் அவனுக்கு இடமில்லை. யார் எழுதிவைத்த சட்டம் என்று கேட்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக டப்பாவின் பச்சை விளக்கு தெரிந்தது. மினுக், மினுக், மினுக். அதை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே சண்டைக்குப் போக முடியும்.

அந்த டப்பாவைச் சுபாஷ் மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கினான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். வீட்டு வைஃபை வழியாகப் போனில் எடுத்த படத்தை அதற்குள் போடலாம், அதிலிருந்து எடுத்து டிவியில் பார்க்கலாம். அவன் வேலை செய்தது செல்போன் கம்பெனியில், டெஸ்டிங் லைனில் டெக்னீஷியன். இந்த மாதிரி சாமான் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். "எம் மவனுக்கு மூத்த பொண்டாட்டி அந்த டப்பாதான்" என்று அவன் அம்மா பாஞ்சாலி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஆனால் அது யாருக்காக வாங்கியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கவிப்பிரியாவுக்கு ஒரகடத்தில் கார் ஏசி செய்கிற கம்பெனி. அவன் ஏ ஷிஃப்ட் என்றால் அவள் பி. அவள் ஏ என்றால் அவன் சி. இரண்டு கம்பெனிக்காரனும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல் மாற்றி மாற்றிப் போட்டான்கள். ஒருவர் எழுந்து போன பாயில் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுத்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷமாச்சே, விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்கிற வாய்களில் அந்த ஷிஃப்ட் சார்ட்டைச் சுருட்டித் திணிக்கலாம் என்று அவளுக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

அதனால் அவர்கள் டப்பாவுக்குள் குடித்தனம் நடத்தினார்கள். வேலைக்குக் கிளம்புகிறவர் டிவி அலமாரியில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் பேசி டப்பாவில் போட்டுவிட்டுப் போவார். வேலையிலிருந்து வருகிறவர் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டிவியில் பார்ப்பார். ரசத்தில் உப்பு தூக்கல், கேஸ் சொல்லியாச்சு, சூப்பர்வைசர் மூஞ்சி இன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா, உன் நீலப் புடவை காற்றில் பறந்து பக்கத்து மாடியில் கிடக்கிறது. சண்டை என்றால் அதுவும் அப்படித்தான். அவன் திங்கட்கிழமை ஆரம்பித்த சண்டைக்கு அவள் செவ்வாய்க்கிழமை பதில் சொல்வாள். வியாழக்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் இருந்தது அப்படி. அதை இந்தப் பந்தலில் உட்கார்ந்து யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால்தான் யாருக்குப் புரியும்?

திங்கட்கிழமை டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்து பீப் பீப் என்று கத்தியது. ஒரு டிஸ்க் போய்விட்டது. நேற்று, சனிக்கிழமை, மாடியறையில் வாடகைக்கு இருக்கிற இசக்கிதுரையைக் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தான். ஆறரை மணிக்கு அதைச் சொருகினான். பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

"பழசுல இருக்கறத புதுசுல காப்பி பண்ணுது" என்றான். "இருபத்திநாலு மணி நேரம் ஆவும். மினுக்கறது நின்னு, நிலையா எரிஞ்சா முடிஞ்சிதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாது கவி. பழைய டிஸ்க்கும் டக்டக்னு சத்தம் போடுது, கேளு. ஓடற வரைக்கும் ஓடும். நடுவுல நின்னுதுன்னா மறுபடி எழுந்திரிக்காது. எல்லாம் போச்சு."

அவள் காதை வைத்துக் கேட்டாள். பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது.

இரவு ஒன்பது மணிக்கு அவனுடைய சூப்பர்வைசரிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு, அப்படியே ஹோட்டலில் சாப்பிட்டு வரலாம் என்று பேசிவைத்திருந்தார்கள். அவன் "சரி சார், வந்துடறேன் சார்" என்றான்.

"ஒரு நாயித்துக்கிழமை. அதையும் தூக்கிக் குடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். காலை ஐந்து மணிக்கு அவன் குளித்துக் கிளம்பியது தெரிந்தது. ஹாலில் குசுகுசுவென்று போனில் பதிவு பண்ணியதும் தெரிந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பவில்லை. ஐந்தே முக்காலுக்கு ஒரகடம் கூட்ரோட்டில், கார் ஏற்றிப் போகிற ட்ரெய்லர் ஒன்று சைகை எதுவும் காட்டாமல் இடதுபக்கம் திரும்பியது.

காலையில் அவன் பேசியது டப்பாவில்தான் இருந்தது. காப்பி ஓடும்போது டிவியில் எதையும் போடாதே, பழைய டிஸ்க் திணறும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தான். அவள் போடவில்லை.

பன்னிரண்டரைக்கு உடம்பு வந்தது. வெள்ளைத் துணியில் கழுத்துவரை சுற்றி, முகம் மட்டும் தெரிந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடி மூடியைப் போட்டதும், பாஞ்சாலி மூடியை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"ஒரு வாட்டி தொறங்கடா. எம் புள்ளை கன்னத்த ஒரு வாட்டி தொட்டுக்கறேன். தொறங்கடா பாவிங்களா!"

"இரும்மா, எல்லாரும் வரட்டும், அப்பறம் தொறக்கலாம்" என்று யாரோ அவளைப் பிடித்து இழுத்தார்கள். கவிப்பிரியா மாமியாரையும் பார்த்தாள், ஜன்னலையும் பார்த்தாள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அன்றைக்குப் பந்தல் துணிக்குக் கீழேயே எண்ணெய்ச் சட்டிபோல் இருந்தது.

சரியாக ஒரு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரத்தைத்தான் எண்ணிச் சொல்வது வழக்கம். ஒன்றிலிருந்து நாலுவரை இருக்காது என்று ஊருக்கே தெரியும். ஃப்ரீசர் பெட்டியின் உறுமல் அடங்கியது. திடீரென்று ஏற்பட்ட அமைதியில், ஹாலுக்குள்ளிருந்து டப்பாவின் டக்டக் சத்தம்கூடக் கேட்பதுபோல இருந்தது. பச்சை விளக்கு மினுக்கியது. இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா யாக்கோபு, ஜெனரேட்டர் எங்க?" என்று தசரதன் கத்தினார்.

பெட்டி வாடகைக்கு விடுகிற யாக்கோபு தலையைச் சொறிந்தான். "மணிமங்கலத்துல ஒரு சாவு வூட்ல கீதுண்ணா. ரெண்டு மணிக்கு எடுத்துருவாங்க. ஆட்டோ அனுப்பிச்சிட்டேன். தோ வந்துரும்."

"ரெண்டு மணி வரைக்கும் இன்னா பண்றது? வெயில் இன்னா காயுது பாத்தியா? ஏம்பா, உள்ள இன்வெர்ட்டர் ஓடுது. அதுல போடு."

கவிப்பிரியா எழுந்து நின்றாள். புருஷன் உடம்புக்கு அருகில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் எழுந்து நிற்பதே தப்பு. அவளைப் பிடித்திருந்த நாத்தனார் முறைக்காரி கிளியம்மாள், "ஒக்காரு, ஒக்காரு" என்று முந்தானையை இழுத்தாள். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போடக் கூடாது மாமா."

"இன்னாது?"

மாடிப்படியில் நின்றிருந்த இசக்கிதுரை இறங்கி வந்தான். சுபாஷோடு அதே லைனில் வேலை செய்கிறவன். வள்ளியூர்ப் பக்கத்து ஆள். காலையில் ரோட்டிலிருந்து சுபாஷை அள்ளி எடுத்தவர்களில் இவனும் ஒருவன். சட்டை இன்னும் மாற்றவில்லை.

"மைனி சொல்லுதது நெசந்தான் பெரியவரே. இந்த இன்வெர்ட்டரு சின்னது. ஃப்ரீசர் எடுக்கிற எடுப்புக்குத் தாங்காது. போட்ட ஒடனே எல்லாம் சேந்து நின்னுரும். உள்ள ஒரு காப்பி ஓடிக்கிட்டு இருக்கு, அதுவும் போயிரும்."

"காப்பியா?" தசரதனுக்கு முகம் சிவந்தது. "இங்க ஒரு உயிரு போய்க் கெடக்குது, நீ காப்பின்றே. அந்த டப்பாவைக் கழட்டிட்டா இன்வெர்ட்டர் இதுக்குத் தாங்கும் இல்ல?"

"அதக் கழட்டினாலும் தாங்காது பெரியவரே."

"போட்டுப் பாத்தா தெரியுது. கொண்டாப்பா ஒயரை."

"தொடாதீங்க!"

கவிப்பிரியாவின் குரல் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். தப்படித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

"நான் தெனம் எட்டு மணி நேரம் கம்ப்ரஸரோடதான் மாரடிக்கிறேன். எனக்குத் தெரியும். பதினொரு மணிலேந்து குளுந்த பெட்டி இது. மூடியத் தொறக்காம இருந்தா ரெண்டு மணி நேரம் அவருக்கு ஒண்ணும் ஆவாது. யாரும் தொறக்காதீங்க. மாலை போடறவங்க மேலயே போடுங்க. மூஞ்ச கண்ணாடில பாத்துக்குங்க. ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் மூடிமேல யாரும் கை வெக்காதீங்க."

"ஏம்மா, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" தசரதன் அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார். "புருஷன் ஒடம்பு நாறினாலும் பரவால்ல, டப்பா ஓடணும்ன்றியா? கேட்டுக்குங்க எல்லாரும்! நல்லா கேட்டுக்குங்க!"

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. "அதுல இன்னா சொத்துப் பத்திரமா கீது?" என்று ஒருத்தி கேட்டாள். "இன்னைக்கே இப்படின்னா நாளைக்கு எப்டியோ" என்றாள் இன்னொருத்தி. கிளியம்மாள் மூக்கைச் சிந்திப் பந்தல் காலில் துடைத்துவிட்டு, "அப்பவே சொன்னேன், கம்பெனிக்குப் போற பொண்ணு வேணாம்னு" என்றாள். அப்போது எப்போது சொன்னாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

கவிப்பிரியா உள்ளே போய் இன்வெர்ட்டருக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவளைத் தொட்டு இழுத்துப் போடாமல் ஒயரைச் சொருக முடியாது. அவளுக்குப் பயம் இல்லை, கோபம். இவர்கள்மேல் கோபம். அந்த ட்ரெய்லர்காரன்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல் வெளியே பெட்டியில் படுத்திருக்கிறானே, அவன்மேல் கோபம். "சரி சார், வந்துடறேன் சார்" என்றானே, அந்த வாயின்மேல் கோபம்.

தசரதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "பாஞ்சாலி! நீதானே பெத்தவ? நீ சொல்லு. போடறதா வேணாமா?"

பாஞ்சாலி தலைவிரி கோலமாகத் தரையில் கிடந்தவள், எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை வாரி முடிந்தாள். மருமகளை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு என்று ஒன்றும் இல்லை, மாமியார் பார்வைதான். பிறகு எழுந்து ஃப்ரீசர் பெட்டியிடம் போனாள். கவிப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியைத் திறந்து மகன்மேல் விழப்போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

பாஞ்சாலி இரண்டு கைகளையும் அகல விரித்து மூடியின்மேல் போட்டு, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

"தொறக்கக் கூடாது, அவ்ளோதானே? எவன் தொறக்கறான்னு பாக்கறேன்."

"பாஞ்சாலி, நீயும் கூடச் சேந்துகினு…"

"மாமா, போய் ஜெனரேட்டரை இட்டாந்து உடு. எம் புள்ளை கடேசியா தன் கையால செஞ்ச வேலை அது. நேத்து சாயங்காலம் நான் பாத்துகினுதான் இருந்தேன். அது முடியட்டும்."

தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். யாக்கோபுக்கு அன்றைக்கு வாழ்நாளில் கேட்காத திட்டெல்லாம் கிடைத்தது.

ஒன்றே முக்காலுக்குக் கம்பெனியிலிருந்து வந்தார்கள். ஹெச்.ஆர். ஆள் ஒருவன், சூப்பர்வைசர், இன்னும் இரண்டு பேர். ஆளுயர மலர்வளையம். அதில் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில், சுபாஷ் பெயர் சின்ன எழுத்தில். கவிப்பிரியா வெளியே வந்தாள். இன்வெர்ட்டருக்கு முன்னால் இப்போது இசக்கிதுரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம், மூடியைக் கொஞ்சம் தொறந்தா மாலையை வெச்சிடுவோம்" என்றான் ஹெச்.ஆர். ஆள். கூட வந்தவன் போனைக் கேமராவாகப் பிடித்தபடி தயாராக நின்றான்.

"மேல வெச்சிட்டுப் போங்க."

"ஒரு ஃபோட்டோ மட்டும் மேடம். ரிப்போர்ட்டுக்கு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது. அழுதிருப்பான் போல. அதற்காக அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"நேத்து ஒம்பது மணிக்கு போன் பண்ணது நீங்கதானே சார்?"

அவன் தலையாட்டினான்.

"அவருக்கு இன்னைக்கு ஷிஃப்ட் கெடையாது. எதுக்கு கூப்ட்டீங்க?"

"ஆள் கம்மி மேடம். லைன் நிக்கக் கூடாதுன்னு…"

"நின்னுச்சா?"

அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"கேக்கறேன் இல்ல சார். லைன் நின்னுச்சா?"

"இல்ல மேடம்" என்றான் தரையைப் பார்த்து. "வேற ஆள் போட்டுட்டோம்."

பாஞ்சாலி மூடியிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த ஆளுக்குப் பொண்டாட்டி கீறாளா?" என்று கேட்டாள். மலர்வளையத்தைப் பந்தல் காலில் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். ஃபோட்டோ எடுக்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஜெனரேட்டர் வந்தது. அது போட்ட இரைச்சலில் ஒப்பாரி காணாமல் போயிற்று. ஃப்ரீசர் மறுபடி உறுமி, கண்ணாடியில் பனி படியும்வரை காத்திருந்து, கவிப்பிரியா வந்து மாமியாரின் தோளைத் தொட்டாள். அவளே மூடியைத் தூக்கினாள். பாஞ்சாலி மகனின் கன்னத்தில் கையை வைத்தாள். கை சட்டென்று பின்வாங்கி, மறுபடி போனது.

"சில்லுனு கீறான்" என்றாள். அந்தப் பேச்சில் ஒரு திருப்தி இருந்ததைக் கவிப்பிரியா மட்டும் கேட்டாள்.

ஐந்து மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றுகொண்டார்கள். தப்புச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. திரும்பி வந்தால் அடுத்த வேலை தயாராக இருந்தது. உடம்பு போன வீட்டைக் கழுவிவிட வேண்டும். உடம்பைத்தான் உள்ளே விடவே இல்லையே என்று கேட்டால், அது வேறு இது வேறு என்பார்கள். கிளியம்மாள் புடவையைச் சொருகிக்கொண்டு சமையலறையிலிருந்து குடம் குடமாக ஊற்ற ஆரம்பித்தாள். நாலு வருஷமாக ஓர் அகல் விளக்குகூட இந்த வீட்டில் துடைத்து வைக்காதவளுக்கு அன்றைக்கு என்ன சுறுசுறுப்பு! அவன் ஒட்டிய டைல்ஸ் டிவிப் பக்கம் கொஞ்சம் சரிவு. அவனுக்கே தெரியும்; அடுத்த பொங்கலுக்குச் சரிசெய்கிறேன் என்று மூன்று பொங்கலாகச் சொல்லிவந்தான். தண்ணீர் துள்ளிக்கொண்டு அந்தப் பக்கமே ஓடியது. அலமாரியின் அடித்தட்டில் டப்பா. அதற்குக் கீழே தரையோடு தரையாக ஒயரும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும்.

"அண்ணி, நிறுத்துங்க!"

"கழுவாம இருந்தா தீட்டு…"

கவிப்பிரியா கொடியிலிருந்து கைக்கு வந்ததை உருவினாள். அவனுடைய யூனிஃபார்ம், மூன்று செட். நேற்றுத் துவைத்துப் போட்டது. முறுக்கிச் சுருட்டி அலமாரிக்கு முன்னால் கரை கட்டினாள். நீலத் துணி தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரும் நனைந்தது. நல்ல கெட்டித் துணி. இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பெனி கொடுத்ததில் உபயோகமாக இருந்தது இது ஒன்றுதான்.

இன்னொரு குடத்தைத் தூக்கப் போன கிளியம்மாளின் கையிலிருந்து பாஞ்சாலி குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "போதும். நீ போய்க் குளி."

ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் ஏரியில் முழுகிவிட்டு வந்து, வாசலில் வைத்த விளக்கைக் கும்பிட்டு, அப்படியே தத்தம் வீட்டுக்குத் திரும்பினார்கள். தசரதன் வாசலோடு நின்று, உள்ளே பார்க்காமல், "நாளைக்குப் பால் தெளிக்கணும், காலைல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கவிப்பிரியா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட டப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஆறரை ஆனது. மினுக்கிக்கொண்டிருந்தது. ஆறு முப்பத்தைந்து. மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாஞ்சாலி சுவரில் சாய்ந்திருந்தாள். டக்டக் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறு நாற்பத்திரண்டுக்கு விளக்கு மினுக்குவதை நிறுத்தியது.

பாஞ்சாலி பதறினாள். "நின்னுடுச்சே! போயிடுச்சாடி?"

"இல்ல அத்தை. முடிஞ்சிடுச்சி." பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. "எல்லாம் புதுசுல வந்துடுச்சி."

அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை பேரோடு சண்டை போட்டு ஜெயித்ததில் வந்த களைப்புதான் இருந்தது.

"அப்ப போடு" என்றாள் பாஞ்சாலி. "காலைல பேசினு இருந்தான். நான் பொறக்கடைல இருந்தேன், என்னான்னு கேக்கல."

சாவு வீட்டில் டிவி போடுவதா என்று கேட்க யாரும் அங்கே இல்லை. கவிப்பிரியா போட்டாள். தேதி தேதியாகப் பெயர் வரிசை வந்தது. கடைசியில் இன்றைய தேதி. நாற்பத்தொரு வினாடி.

சுபாஷ் வந்தான். தலை ஈரமாக, கையில் ஹெல்மெட். படுக்கையறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஏய். நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும். தூங்கறவ கால் கட்டைவிரலை ஆட்டினு இருக்க மாட்டா. சரி, கோவமாவே இரு. தப்பு எம்மேலதான். மாவு தீந்துபோச்சி, அம்மாவுக்கு உப்புமா ஒத்துக்காது, கடைல இட்லி வாங்கிக்க. டப்பாவை யாரும் தொடாம பாத்துக்க. ரெண்டரைக்கு வந்துருவேன். சாயங்காலமாச்சும் கோயிலுக்குப் போவலாம். வந்தப்பறம் மிச்சத்தைத் திட்டு, இன்னா? இப்பவே எல்லாத்தையும் மனசுக்குள்ள திட்டித் தீத்துடாத."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். கை கேமராவை நோக்கி நீண்டது. படம் நின்றது. நீட்டிய கை திரையில் அப்படியே இருந்தது.

பாஞ்சாலி வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தாள். "இட்லியா?" என்றாள் கடைசியில், யாரிடமோ கேட்பதுபோல. பிறகு முட்டியில் கையூன்றி எழுந்து, பொறக்கடைப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகனோ மருமகளோ டப்பாவுக்காகப் போனில் பேசுகிற நேரங்களில் எப்போதும் அப்படித்தான் போவாள்.

கவிப்பிரியா டிவியை அணைத்தாள். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அதில் தன் போனைச் சாய்த்து, முகம் தெரிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் நகர்த்தினாள். ஈர முடியை ஒதுக்கிக்கொண்டாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

பதினேழு வினாடி வரைக்கும் திரையில் ஓடுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ்" என்று ஆரம்பித்தாள்.

பேசி முடிக்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. இதுவரை அத்தனை நீளமாக அவர்களில் யாரும் பேசியதில்லை. முடித்ததும் தேதியைப் போட்டு டப்பாவுக்கு அனுப்பினாள். பச்சை விளக்கு ஒரு கணம் நிலையாக எரிந்து, மறுபடியும் மினுக்க ஆரம்பித்தது. இந்த முறை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிக்கொண்டிருந்தது.